நெற்றி நிறையத் திருநீறு

எங்கள் வீட்டு ஆண்கள் திருநீறு பூசுகிற விதமே வேறு. மூன்று விரலால் மூன்று கோடு போடுவது, கட்டைவிரலால் சின்னதாக ஒரு கீற்று இழுப்பது, இதெல்லாம் எங்களுக்கு ஆகாது. இடது உள்ளங்கையில் திருநீற்றைக் கொட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழைத்து, புருவத்தில் தொடங்கி முடி முளைக்கும் இடம் வரை, இந்தக் காதோரத்திலிருந்து அந்தக் காதோரம் வரை, தோல் துளிகூடத் தெரியாமல் அப்ப வேண்டும். காய்ந்து வெடித்தால் மறுபடி குழைத்து அடைக்க வேண்டும். அப்பா குளியலறைக்குள்ளேயே இதை முடித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். படுக்கும்போதும் கலைக்க மாட்டார். அவருடைய தலையணை உறைகளைத் துவைத்துத் துவைத்தே அம்மா சலித்துப்போனார்.

மலேசியாவில், கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்கு தெரிகிற ஒரு சின்ன ஊரில் நான் வளர்ந்தேன். தமிழ்ப்பள்ளியில் என் பட்டப்பெயர் சுண்ணாம்புச் சுவர். ஒருநாள் மழையில் நனைந்து நெற்றி கழுவிப்போய் வீட்டுக்கு வந்ததற்கு அப்பா என்னை விளக்குமாற்றால் அடித்தார். பொய் சொன்னால்கூட அடிக்காத மனிதர் அவர். ஏன் இப்படிப் பூச வேண்டும் என்று கேட்டால், "நம்ம வீட்டு வழக்கம், பூசு" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. தலையெழுத்து என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கக்கூடாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பேச்சுவாக்கில் சொன்னால்கூட அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே முன்கோபம். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் நாளே விடுதிக் குழாயில் நெற்றியைக் கழுவிவிட்டேன். அடுத்த விடுமுறைக்கு வெறும் நெற்றியோடு வீட்டுக்குப் போனபோது, விடுமுறை முடிகிறவரை அப்பா என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்துக்கு வந்து, அதன் தெற்குப் பகுதியான மனுரேவாவில் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலையில் சேர்ந்தேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீடு. அம்மா இறந்துபோன பிறகு அப்பாவையும் தங்கையையும் வரவழைத்தேன். அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அந்த ஆங்கிலமே விமான நிலையத்தில் அவரை மாட்டிவிட்டது. பெட்டியில் இருந்த பொட்டலத்தை எடுத்து, இது என்ன பொடி என்று அதிகாரி கேட்டிருக்கிறார். சாம்பல் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. அப்பா நேர்மையாக, மாட்டுச் சாணத்தைச் சுட்டு எடுத்தது என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். கால்நடை நோய்க்குப் பயந்து செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூட விடாத இந்த நாட்டுக்குள் மாட்டுச் சாணம் வர முடியுமா? பொட்டலம் குப்பைக்குப் போனது.

மறுநாள் காலை அப்பா அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன். துண்டைப் புருவம் மறைகிற அளவுக்கு இழுத்துத் தலையில் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். "திருநூறு வேணும்" என்றார், அவ்வளவுதான். நகரின் மறுகோடியில், மவுண்ட் ஆல்பர்ட்டில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம் இருந்தது. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அங்கே போய் ஒரு டப்பா வாங்கி வந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் காரை ஓட்டினேன். பக்தி முற்றினால் பைத்தியம் என்று நினைத்தேன். அது பக்தியே இல்லை என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாக இருந்தார். டாஸ்மேனியாவில் பிறந்து, இளவயதில் இங்கே வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். மனைவி இல்லை, பிள்ளைகள் தொலைவில். அப்பா வேலியோரம் கறிவேப்பிலை நட்டு அது பட்டுப்போனதைப் பார்த்து, இங்கே குளிருக்கு எது வளரும் என்று சொல்லிக் கொடுக்க வந்தார். பிறகு தினமும் வந்தார். இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தேநீர் குடிப்பார்கள். கேட்டைத் திறந்துகொண்டு வரலாமே என்று நான் சொன்னால் இருவருமே கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவை கிழவர் எங்கள் இருவரையும் தன் வீட்டுக்குள் கூப்பிட்டார். வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வம்ச வரைபடம் மாட்டியிருந்தார். கீழே பேரப்பிள்ளைகள், உச்சியில் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் கைதி என்று எனக்குச் சொல்லும்போது கிழவரின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இங்கிலாந்தில் பண்ணைக் கூலி. கூலியைக் குறைத்ததற்காக முதலாளியின் வைக்கோல் போருக்குத் தீ வைத்தவர்களில் ஒருவர். கப்பலில் ஏற்றி டாஸ்மேனியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கோதுமையும் ஆடும் வளர்க்கிற வட்டாரத்தில் கைதிகளைப் பண்ணைக்காரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்களாம். சம்பளம் கிடையாது. மாவும் ஆட்டிறைச்சியும் ஒரு ஜோடி பூட்ஸும் கொடுத்தால் போதும். மரப்பட்டையால் அடைத்த குடிசையில் படுத்து, விடியுமுன் எழுந்து, காட்டை வெட்டி, கல்லைப் பொறுக்கி, அடுத்தவன் நிலத்தை விளைய வைக்க வேண்டும். முதலாளியை எதிர்த்துப் பேசினான் என்று ஒரு தடவை சவுக்கடி. தீர்ப்புச் சொன்ன நீதிபதி பக்கத்துப் பண்ணைக்காரர். அடி வாங்கிய மறுநாளே அறுவடைக்கு அனுப்பினார்கள். கம்பளிச் சட்டை முதுகுப் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும், சாயங்காலம் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் உரிக்க வேண்டும் என்று கிழவர் சொன்னார்.

அவருடைய அம்மா சாகிறவரை இதை மறைத்தாராம். நாங்கள் காசு கட்டிக் கப்பலேறி வந்தவர்கள் என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம். "இப்போ பாருங்க, கைதி வம்சம்னா ஊர்ல மரியாதை. இல்லாதவன் பொறாமைப்படுறான்" என்று கிழவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அந்த வரைபடத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார். அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போர்வைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது. ஆங்கிலத்தில், கணக்கு ஒப்புவிக்கிற மாதிரி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். "என் கொள்ளுத்தாத்தாவும் கைதிதான். ஆனால் உங்களுடையவருக்கு முதுகில். எங்களுடையவருக்கு நெற்றியில்" என்றார். நான் ஈரத் துணியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

எனக்கு வந்த கோபம் இன்றும் ஞாபகம் இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டிய பிள்ளை நான் இருக்கிறேன். நான் கேட்டபோது வழக்கம் என்று வாயை அடைத்தவர், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாரோ ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிழவர் உள்ளே போனதும் நேராகப் போய்க் கேட்டேன். மறைக்க முடியாது என்று தெரிந்ததும் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அவருக்கு அவருடைய தாத்தா சொன்னது.

அந்தக் கொள்ளுத்தாத்தா சென்னைக்குத் தெற்கே எங்கேயோ பிறந்தவர். என்ன குற்றம் செய்தார் என்று தெரியாது. கும்பினிக்காரன் காலத்தில் ஆயுள் தண்டனைக் கைதிகளைக் கடல் கடத்துவார்கள். அனுப்புவதற்கு முன்னால் நெற்றியில் ஊசியால் குத்திக் குத்தி, கறுப்பு மையைத் தேய்த்துக் குற்றத்தின் பெயரை எழுதிவிடுவார்கள். தப்பி ஓடினாலும் எவனும் சோறு போடக்கூடாது, அதற்குத்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று கூட இருந்த கைதிகளிடம் கேட்டிருக்கிறார். அவர்களுக்கும் படிக்கத் தெரியாது. எழுதியவன் சொல்லவில்லை.

காலில் விலங்கோடு பினாங்கில் இறக்கி, எதிர்க்கரைக்குக் கொண்டுபோனார்கள். நான் பிறந்து வளர்ந்த அதே கரைதான். அன்றைக்கு அங்கே வயல் இல்லை, கரும்பு இல்லை. கழுத்தளவு சதுப்பும், உப்புத் தண்ணீரில் வேரூன்றி நிற்கிற காண்டாமரக் காடும்தான். கைதிகள்தான் காட்டை வெட்டினார்கள், வாய்க்கால் தோண்டினார்கள், சாலை போட்டார்கள். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கரும்பு நட வந்தபோது நிலம் தயாராக இருந்தது. விலங்குக் காலோடு சேற்றில் நின்றால் வளையத்துக்கு அடியில் தோல் ஊறி அழுகும். அட்டை உள்ளே புகுந்துகொண்டால் எடுக்க முடியாது. பாதிப் பேர் காய்ச்சலில் போனார்கள். செத்தவனின் விலங்கைக் கழற்றி அடுத்தவனுக்கு மாட்டுவார்கள். காவலுக்குச் சிப்பாய்கள் கிடையாது. நல்லபடியாக நடந்துகொண்ட கைதிகளின் விலங்கை எடுத்துவிட்டு, கையில் பிரம்பைக் கொடுத்து, மற்றக் கைதிகளுக்குக் காவல் வைத்தார்கள். நம் ஆளும் பிரம்பு பிடித்தவர்தான் என்று அப்பா சொன்னார். சொல்லும்போது குரல் தணிந்தது. சொந்த மொழி பேசுகிறவனை அடித்துத்தான் அவர் மேலே வந்தார். அதனால்தான் உயிரோடு இருந்தார். அதனால்தான் நாங்கள் இருக்கிறோம்.

பிறகு வெளியே தங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஊர் திரும்ப முடியாது. மாடு வாங்கிப் பால் விற்றார். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்த ஒரு தோட்டத்துப் பெண்ணோடு குடும்பம் ஆனது. பால்காரர் வாசலில் வந்து நின்றால் எல்லாரும் முதலில் நெற்றியைத்தான் பார்த்தார்கள். முந்திரிக்கொட்டைப் பாலைத் தடவி எழுத்தைப் பொசுக்கப் பார்த்தார். தோல் வெந்து புண்ணாகி ஆறியது, எழுத்து கலங்கியதே தவிரப் போகவில்லை. அதற்குப் பிறகு படிக்கத் தெரிந்தவராலும் அதைப் படிக்க முடியாமல் போயிற்று. அப்போதுதான் திருநீற்றை அப்பத் தொடங்கினார்.

"அவரு மட்டும் பூசினா ஏன்னு கேப்பாங்க" என்றார் அப்பா. "அதான் பிள்ளைங்களும் பூசினாங்க. வீடே பூசினா அது வழக்கமாயிடும். யாரும் கேக்க மாட்டாங்க."

எனக்கு விளக்குமாற்று அடி ஞாபகம் வந்தது, கோபம் மட்டும் வரவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சிகிட்ட சொல்லாதே. கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் வெளியே தெரியக்கூடாது" என்றார். கிழவர் யாரிடமாவது சொல்லிவிட்டால் என்று கேட்டேன். "அவரு யார்கிட்ட சொல்லப் போறாரு? நம்மாளுங்ககூட அவருக்கு என்ன பேச்சு?" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

தங்கைக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். நகரின் கிழக்கே பக்குரங்காவில் ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம். பையனுக்குக் கணினி வேலை, பெற்றோர் ஊரிலிருந்து வந்து அவனோடு இருந்தார்கள். மலேசியாத் தமிழர்கள் என்றால் பையனின் அம்மாவுக்குக் கொஞ்சம் இளப்பம். முதல் நாள் வந்தபோது நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். பூர்வீகம் எந்த ஊர் என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் என்று அப்பா வழக்கமான பொய்யைச் சொன்னார். பிறகு அந்த அம்மாவின் பார்வை அப்பாவின் நெற்றிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"கடல் கடந்து இத்தனை தலைமுறை ஆகியும் எவ்வளவு பக்தி பாருங்க. எங்க ஊர்லயே இப்படி யாரும் பூசுறதில்ல" என்று கணவரிடம் சொன்னார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். சம்பந்தம் அந்த நிமிஷத்தில் முடிவாகிவிட்டது என்று இன்றும் நினைக்கிறேன். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கைக்குப் பையனைப் பிடித்துப்போனது. சனிக்கிழமைகளில் பக்குரங்காவில் கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று கிளம்புவாள், கையில் ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவாள். அம்மா போனதிலிருந்து சிரிக்காத பெண், சமையலறையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். அப்பா அதைக் கேட்பதற்காகவே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஒரே மழை. மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து என் நண்பர்கள், பக்குரங்காவிலிருந்து அவர்கள் பக்கத்தார், கூடம் நிரம்பிவிட்டது. பக்கத்து வீட்டுக் கிழவரையும் அப்பா அழைத்திருந்தார். அவர் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாகக் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். தட்டு மாற்றியாயிற்று. சாப்பாடு பரிமாறுவதற்கு முன்னால் பையனின் அப்பா எழுந்து கையைத் தட்டினார்.

வெள்ளைக்காரர் ஒருவர் விசேஷத்துக்கு வந்துவிட்டால் நம்மவர்களுக்குச் சும்மா இருக்க முடியாது. அவரைப் பிடித்து இரண்டு வார்த்தை பேச வைத்தால்தான் விசேஷம் விசேஷமாகும். கல்யாணமோ காதுகுத்தோ, அவருக்கு நம்மைத் தெரியுமோ தெரியாதோ, பேசியாக வேண்டும். "சார், பொண்ணு வீட்டைப் பத்தி நீங்க ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்று பையனின் அப்பா ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கூட்டத்தைத் தாண்டி அவரிடம் போய்ச் சேருவதற்குள் கிழவர் எழுந்து பழரசக் கோப்பையை உயர்த்திவிட்டார்.

அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. நன்றாகத்தான் பேசினார். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், மழை வந்தால் என் துணிகளையும் சேர்த்து எடுத்து வைப்பாள் என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். தனக்குத் தெரிந்த மிகப் பெரிய கௌரவத்தை அவருக்குச் செய்தார். "இவருடைய ஆளும் என் ஆளும் விலங்கோடு கப்பலேறி வந்தவர்கள். வேறு வேறு கடல், ஒரே ராஜாங்கம். என்னுடையவருக்கு முதுகில் தழும்பு, இவருடையவருக்கு நெற்றியில் எழுத்து. கைதிகளின் பிள்ளைகள் நாங்கள். இதைவிட உறுதியான குடும்பத்தில் நீங்கள் பெண் எடுக்க முடியாது" என்று கோப்பையைத் தூக்கிக் குடித்தார்.

யாரும் குடிக்கவில்லை. பையனின் அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறைதான், ஆனால் வேண்டியது புரிந்துவிட்டது. "என்ன சொல்றாரு இவரு? கைதியா? யாரு கைதி?" என்று கேட்டார். பையனின் அப்பா நல்ல மனிதர். சமாளிக்கப் பார்த்தார். "வயசானவரு, வேற யாரோடயோ கதையை மாத்திச் சொல்றாருன்னு நினைக்கிறேன். அப்படித்தானே சார்?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா ஆமாம் என்று ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் போதும். எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். தங்கை சமையலறை வாசலில் பட்டுப் புடவையில் நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவர் கோப்பையோடு நின்றபடி, தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்பா தங்கையைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார்.

"இல்ல. அவரு சரியாத்தான் சொல்றாரு" என்றார்.

பிறகு எழுந்து, தங்கையைத் தாண்டிச் சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்து, குனிந்து, இரண்டு கையாலும் நெற்றியைத் தேய்த்துக் கழுவினார். கழுவக் கழுவ வெள்ளைத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நிமிர்ந்தபோது என் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவின் நெற்றியை முழுசாகப் பார்த்தேன். கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் இருக்கிற தோல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை. அதில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை மறைக்கத்தான் எத்தனை பேர் எத்தனை காலம் குழைத்து அப்பியிருக்கிறோம் என்று நினைத்தேன்.

பையன் வீட்டார் சாப்பிடாமல் போனார்கள். அந்த வாரத்திலேயே தொலைபேசி வந்தது. ஜாதகத்தை மறுபடி பார்த்தார்களாம், ஏதோ தோஷமாம். பையன் தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்து வந்த சனிக்கிழமை அவள் பக்குரங்காவுக்குப் போனாள். முழு நாளும் அங்கே இருந்துவிட்டு, அழுது முகம் வீங்கித் திரும்பி வந்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"அவரு சொன்னது பொய்னு ஒரு வார்த்தைப்பா. ஒரே வார்த்தை. எனக்காக அதைச் சொல்ல முடியலையா?"

"அவரு எழுந்து நின்னு சொல்றாரும்மா. நான் உக்காந்துகிட்டு இல்லைங்கிறதா?" என்றார் அப்பா.

"அந்த ஆள் யாரு, நான் யாரு?" என்று தங்கை கேட்டாள். அப்பா செய்தது சரி என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் அந்தச் சரிக்கு விலை கொடுத்தது அவரும் இல்லை, நானும் இல்லை. கொஞ்ச நாளில் தங்கை ஆஸ்திரேலியாவில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மட்டும் போன் செய்வாள். பக்கத்தில் அப்பா இருக்கிறார், கொடுக்கவா என்று கேட்டால் வைத்துவிடுவாள்.

அவளுக்கு அங்கேயே கல்யாணம் நடந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். மிகவும் ஆசாரமானவர்கள் என்று சொன்னாள். நான் மட்டும் போய், புருவம் வரை தலைப்பாகை கட்டி மாப்பிள்ளைத் தோழனாக நின்றுவிட்டு வந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அங்கே சொன்னேன். உண்மையில் அவருக்கு அழைப்பே இல்லை. ஊரையும் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் இன்னும் அந்த வீட்டில்தான் வாழ்கிறாள்.

அப்பா அதற்குப் பிறகு திருநீறே பூசவில்லை. இங்கே வெயில் கொஞ்சமாக அடித்தாலும் சுடும். அவருடைய நெற்றி முதலில் சிவந்தது, உரிந்தது, பிறகு மெல்ல மெல்ல முகத்தின் நிறத்துக்கு வந்தது. சாயங்காலங்களில் அதை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கிழவர் வந்து எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டார். அப்பா அவர்மேல் கோபப்படவே இல்லை. இரண்டு பேரும் முன்பு போலவே வேலியோரம் தேநீர் குடித்தார்கள், பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. இருதயம் கெட்டு, இனி தேறாது என்று தெரிந்த பிறகு, மருத்துவமனையில் அப்பா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "என்னை இப்படியே அனுப்பு. நெத்தியில ஒண்ணும் பூசாதே. நம்ம வீட்டுல ஒரு ஆளாவது வெறும் நெத்தியோட போகட்டும்." சரி என்று சொன்னேன்.

இறுதிச் சடங்குக்குத் தங்கை வந்தாள். கணவன் வந்திருந்தான், மாமியாரும் வந்திருந்தார். மண்டபத்தின் வெளிக்கூடத்தில் அவர்களை உட்காரவைத்துவிட்டு, அவள் மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பெட்டியில் அப்பா வேட்டி சட்டையோடு கிடந்தார். மற்ற முகத்தைப் போலவே மாநிறமாக இருந்த நெற்றியை அவள் வெகுநேரம் பார்த்தாள். கடைசியாக அவள் பார்த்தபோது அது வெளுத்துக் கிடந்தது, இந்த நிறத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. குனிந்து அதன்மேல் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். மேசைமேல் இருந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு உள்ளங்கையில் குழைக்கத் தொடங்கினாள். பெண் பிள்ளை, இதற்கு முன்னால் ஒரு நாளும் செய்ததில்லை. ஆனால் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்திருந்தது.

"வேணாம்னு சொல்லிட்டுத்தான் போனாரு" என்றேன்.

"உன்கிட்ட சொன்னாரு. என்கிட்ட சொல்லல" என்றாள். "அவங்க வீட்டுல கல்யாணப் பேச்சப்போ அப்பா போட்டோவைத்தான் காட்டினேன். பழைய போட்டோ. இந்த நெத்தியைப் பாத்துட்டுத்தான் என்னை எடுத்தாங்க. இப்போ வெறும் நெத்தியைப் பாத்தா ஏன்னு கேப்பாங்க. பக்குரங்காவுல இருக்கிற யாரோ ஒரு ஆளு பதில் சொல்லுவாங்க. இன்னொரு தடவை என்னால முடியாதுண்ணா."

புருவத்திலிருந்து முடி வரை, காதோரத்திலிருந்து காதோரம் வரை அப்பினாள். வெயில் பட்டுக் கறுத்த தோல் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. ஓரங்களை விரல் நுனியால் சரி செய்தாள். என்னால் அவள் கையைப் பிடித்திருக்க முடியும். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. எதிரில் இவள் உயிரோடு நின்றாள்.

உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் மீந்திருந்தது. அதை என் பக்கம் நீட்டினாள்.

"நீயும்ணா. அவரு மட்டும் பூசியிருந்தா ஏன்னு கேப்பாங்க."

அப்பா இந்த வார்த்தையை அவளிடம் ஒரு நாளும் சொல்லியிருக்க முடியாது. தானாகவே அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் தலையைக் குனிந்தேன். ஈரத் திருநீறு நெற்றியில் சில்லென்று பட்டது.

கதவைத் திறந்ததும் வெளியே இருந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியின் அருகே நின்றார். அப்பாவின் நெற்றியைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, பிறகு வாயை மூடிக்கொண்டு நகர்ந்து போனார். அவருக்குப் பின்னால் வந்த தங்கையின் மாமியார் கைகூப்பிக் கண் கலங்க நின்றார்.

"எவ்வளவு பக்தியான மனுசன். சாவிலயும் முகத்தில என்ன களை" என்று சொல்லி என்னைப் பார்த்தார். "தகப்பனும் மகனும் ஒரே மாதிரி. பரம்பரையா இப்பிடித்தானோ தம்பி?"

தங்கை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "எங்க வீட்டு வழக்கம்."